கொழும்பில் ஒரு மலை செய்த ஞாயிறு

கொழும்பில் மெக்கானிக்காக இருப்பதில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. இங்கே மலை இல்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து இரத்மலானை வரைக்கும் போய் வாருங்கள், ரோட்டு தோசைக்கல் மாதிரித் தட்டையாகக் கிடக்கும். பெரிய ஏற்றம் என்று பார்த்தால் தெஹிவளை மேம்பாலம்தான். மலைநாட்டில் வாகனத்துக்கு வருகிற வருத்தத்தை மலையே இல்லாத ஊரில் நின்று கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது வருடம் நான் பட்ட பாடு இது. புதிதாக கராஜுக்கு வந்திருக்கும் தம்பிமாரும், இந்த முறை துணிந்து வந்திருக்கும் இரண்டு தங்கச்சிமாரும் படப்போகிற பாடும் இதுதான்.

ஓய்வு பெற்ற மனுசன், ஏதாவது நல்லதாக எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் முதலாளி கேட்டார். நான் செய்த நல்ல வேலைகளை அவரே மேசைக்கு மேசை சொல்லிக்கொண்டு திரிகிறார். அதனால் நான் மடத்தனம் பண்ணிய கதையைச் சொல்கிறேன். அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

நாலைந்து வருடத்துக்கு முதல் ஒரு சனிக்கிழமை, வெள்ளவத்தையில் இருந்து ஒரு பெண் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். பெயர் தர்சினி. முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயதிருக்கும். வங்கியில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு அந்த ஜீப்பை வாங்கியிருந்தாள். மலையில் இருக்கிற தேயிலைத் தோட்டங்களுக்குக் கண் பரிசோதனை செய்யப் போகிற ஒரு குழுவை ஏற்றி இறக்குவதுதான் அவளுடைய தொழில். டாக்டர் ஒருவர், தாதிமார் இரண்டு பேர், மூக்குக் கண்ணாடிப் பெட்டிகள். பஸ் போகாத, வேன் ஏறாத மேல் டிவிசன்களுக்கு, தோட்டத்தின் உச்சிப் பகுதிகளுக்கு, இந்த ஜீப்தான் போகும். அவளே ஓட்டுவாள்.

முதல் தடவை வந்தது முழு சேர்விஸுக்கு. செய்து கொடுத்தேன். சந்தோசமாகப் போனாள். ஒரு மாதம் கழித்து முகம் சுருங்கித் திரும்பி வந்தாள்.

"அண்ணை, ஏத்தத்தில மெதுவா ஏறேக்கை சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போகுது. போன கிழமை பாதி வழியில ஆவி பறக்க நிண்டிட்டுது."

"எவ்வளவு நேரம் ஏறின பிறகு மிஸ்?"

"லோ கியரில இருபது நிமிசம். பெரிய ரோட்டில ஒண்டும் இல்லை. அண்ணை, சேர்விஸுக்கு முதல் இதே ஏத்தம் நாலு தரம் ஏறினனான். ஒண்டுமே இல்லை."

இந்தக் கடைசி வசனத்தை நன்றாகக் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"வாகனமும் மனுசன் மாதிரித்தான் மிஸ். போன மாசம் இருந்த மாதிரியே இந்த மாசமும் இருக்குமா? விடுங்க, நான் பார்க்கிறேன்."

பார்த்தேன். ரேடியேட்டரின் சல்லடைக் கண்களுக்குள் காய்ந்த சேறு இருந்தது. மெதுவாக ஏறும்போது முன்னால் காற்று வராது, ஃபேன் இழுக்கிற காற்றுத்தான். அதையும் சேறு மறித்தால் கொதிக்காமல் என்ன செய்யும்? கழுவினேன். கடற்கரை ரோட்டால் இரத்மலானைக்குப் போய், திரும்பும்போது ஏசியையும் போட்டுக்கொண்டு தெஹிவளை நெரிசலுக்குள் அரை மணி நேரம் நின்றேன். முள் பாதியைத் தாண்டவில்லை. ஆகா, நம்ம கை கைதான் என்று நினைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.

அடுத்த பயணத்தில் ஜீப் அதே இடத்தில் நின்றது.

இந்த முறை நான் விளையாடவில்லை. புது ரேடியேட்டர், புது வோட்டர் பம்ப், புது ஃபேன். திரும்பவும் கடற்கரை ரோடு, திரும்பவும் தெஹிவளை. முள் ஆணி அடித்த மாதிரி அசையாமல் இருந்தது. அதற்கடுத்த பயணத்தில் ஜீப் முன்னையை விட நூறு யார்டு தூரம் மேலே போய் நின்றதாம். டாக்டரும் தாதிமாரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மிச்ச இரண்டு மைல் தூரம் நடந்து ஏறியிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தபோது பின்னேரமாகி, காத்திருந்த சனத்தில் பாதிப் பேர் கொழுந்து நிறுக்கப் போய்விட்டார்கள்.

இது நடந்தது ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் தர்சினி என் முன்னால் நின்றாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"வாற வியாழன் திரும்பவும் அதே டிவிசனுக்குப் போகவேணும். அண்டைக்கும் நிண்டால் வேற வாகனம் பிடிக்கிறம் எண்டு டாக்டர் ஆக்கள் சொல்லிட்டினம். அம்மா இப்பவே வங்கி வேலைக்குத் திரும்ப எழுதிப் போடச் சொல்லுறா. அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லுங்கோ. நான் வேற இடம் பாக்கிறன்."

தெரியாது என்று சொல்வது எங்கள் தொழிலில் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் போகப் போக விளங்கும். ஆனால் அன்றைக்குச் சொன்னேன். "தெரியாது மிஸ். ஆனா கண்டுபிடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாங்க."

அந்த வாக்கைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்தேன். நான் எப்போதும் வாகனத்தை அது நன்றாக ஓடுகிற இடத்தில்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சளி பிடிக்காத நேரத்தில் டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டின கதை. இதற்கு இருபது நிமிட ஏற்றம் வேண்டும். பதுளைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய் ரோட்டோரத்தில் நின்று கழற்றிப் பூட்ட முடியாது. ஆகவே மலையைக் கொழும்புக்குக் கொண்டு வர வேண்டும்.

சுனிலுக்கு ஃபோன் எடுத்தேன். சுனில் என்னுடைய பழைய கூட்டாளி, ஒருகொடவத்தையில் லொறி ஓட்டுகிறவர். என்னை விட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை 'அய்யே', அண்ணா, என்பேன்; அவரோ என்னை மேஸ்திரி என்ற அர்த்தத்தில் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்.

"அய்யே, ஞாயிற்றுக்கிழமை உங்க லொறியை நான் ஜீப்பில கட்டி இழுக்கணும்," என்றேன் சிங்களத்தில்.

"லொறி பழுதில்லையே பாஸ்."

"தெரியும். அதனாலதான் கேட்கிறேன்."

"பிஸ்ஸுத?" என்று கேட்டார். பைத்தியமா என்று. விளக்கிச் சொன்னதும் சம்மதித்தார். ஆனால் பிரேக் பிடித்துக்கொண்டு வர மாட்டாராம், லைனிங் எரிந்துவிடுமாம். எஞ்சினை நிறுத்தி கியரில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றார். அது இன்னும் நல்லது. கியரில் கிடக்கிற லொறியை இழுப்பதும் மலை ஏறுவதும் ஜீப்புக்கு ஒன்றுதான்.

ஆறரைப் பூசை முடிந்து ஒருகொடவத்தைக்குப் போனேன். ஞாயிறு என்றபடியால் சுனில் லொறி நிறுத்துகிற கொள்கலன் முற்றம் வெறுமையாக, பந்து விளையாடலாம் போல இருந்தது. ஃபோனில் நான் சொன்னபடி தர்சினி ஜீப்போடு எனக்கு முதலே வந்து காத்திருந்தாள். தடித்த கயிற்றால் லொறியைக் கட்டினோம். ஜீப்பை அவள்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மலையில் அவள் எப்படி ஓட்டுகிறாளோ அப்படியே, அதே கியர், அதே வேகம். நான் பக்கத்தில் முள்ளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஏசி இல்லை, ஜன்னல் திறந்திருந்தது.

முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஜீப் உறும, பின்னால் லொறி முக்கிக்கொண்டு வந்தது. மூன்றாவது சுற்றில் காவற்காரர் குடிசையை விட்டு வெளியே வந்து, என்ன செய்கிறீர்கள் என்று கையால் கேட்டார். தலையை வெளியே நீட்டி, "கந்தக் ஹதனவா," என்றேன். மலை ஒன்று செய்கிறோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய், கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்.

பதினெட்டாவது நிமிடம் முள் எழும்பியது.

பாருங்கள், ஒருவருடைய வாகனம் கொதிக்கிறது, அதைப் பார்த்து நான் கை தட்டினேன். தர்சினி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க," என்று சொல்லி இறங்கி ஓடிப்போய் பொனட்டைத் திறந்தேன். எஞ்சின் தலைப்பக்கம் கிட்டப் போக முடியாத சூடு. மேல் குழாயும் சுட்டது. பிறகு ரேடியேட்டரின் கீழ்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன்.

பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் அளவுக்குத்தான் சூடு இருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எஞ்சின் கொதிக்கிறது, ஆனால் அதைக் குளிர்விக்க வேண்டிய ரேடியேட்டர் வேலையில்லாமல் சும்மா இருக்கிறது. அப்படியென்றால் ரேடியேட்டரில் பிழை இல்லை. எஞ்சினில் இருந்து சூடான தண்ணீர் போதுமான அளவு அங்கே வந்து சேரவில்லை. வேறு எங்கேயோ குறுக்கு வழியால் போய்விட்டு எஞ்சினுக்கே திரும்புகிறது. குறுக்கு வழி எங்கே இருக்கிறது? தெர்மோஸ்டாட், அதாவது தண்ணீர் சூடானதும் திறக்கிற சின்னக் கதவு, இருக்கிற இடத்தில்.

இந்த ஜீப்பில் தெர்மோஸ்டாட் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் கராஜ்களில் ஒரு வழக்கம் இருந்தது, இப்போதும் சில இடங்களில் இருக்கிறது. எந்த வாகனம் வந்தாலும் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. எனக்கு வேலை பழக்கிய பெரிய பாஸ் சொல்லுவார்: "இது குளிர் நாட்டுக்காரனுக்கு. நமக்கு எதுக்கு?" அவர் காலத்து எஞ்சின்களுக்கு அது சரிதான். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றித் துருப்பிடித்து, அந்தச் சின்னக் கதவு மூடினபடி இறுகிக்கொள்ளும். கழற்றி எறிந்தால் தண்ணீர் தாராளமாக ஓடும், தொல்லை விட்டது. நானும் முப்பது வருடமாக அதையே செய்தேன். யாரும் கேட்காமலே, ஒரு உபகாரமாக.

ஆனால் இந்த ஜீப்பின் எஞ்சினில் அந்தச் சாமானுக்கு இரண்டு கதவு. ஒன்று ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போது மற்றது குறுக்கு வழியை மூடும். நான் இரண்டு கதவையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். குறுக்கு வழி எந்நேரமும் திறந்து கிடந்தால் தண்ணீர் ஏன் சுற்றிப் போகப் போகிறது? நாமும் குறுக்கு ஒழுங்கையால் போய்ப் பழகினால் பெரிய தெருவால் போக மாட்டோம்தானே. தட்டை ரோட்டில் ரேடியேட்டருக்கு வருகிற கொஞ்சத் தண்ணீரே போதும். லோ கியரில் இருபது நிமிடம் ஏறினால் போதாது.

சேர்விஸுக்கு முதல் ஒன்றுமே இல்லை என்று அவள் சொன்னாள். அந்த முழு சேர்விஸில் அதைக் கழற்றியது நான்தான்.

"என்னண்ணை? கண்டுபிடிச்சிட்டியளா?" தர்சினி பக்கத்தில் வந்து நின்றாள். சுனிலும் லொறியில் இருந்து இறங்கி வந்துவிட்டார்.

"ஓம் மிஸ். தெர்மோஸ்டாட் இல்லை."

"இல்லையெண்டால்?"

"ஆரோ கழட்டியிருக்காங்க."

ஆரோ. அந்தச் சொல் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று பாருங்கள்.

பிறகு அவளே எனக்கு வழி திறந்துவிட்டாள். "எனக்கு வித்த பழைய சொந்தக்காரனோ? அவன் கழட்டியிருப்பானோ?"

இதற்காகத்தான் இந்தக் கதையைச் சொல்ல வந்தேன். தலையை ஆட்டினால் போதும். வாயைக் கூடத் திறக்கத் தேவையில்லை. புதுசு ஒன்று போட்டுக் கொடுத்தால் ஜீப் மலை ஏறும், அவளுடைய தொழில் தப்பும், என் பெயரும் தப்பும், கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தை வரைக்கும் நான் கெட்டிக்காரன். பழைய சொந்தக்காரன் எங்கேயோ இருக்கிறான், அவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. காலையில்தான் பூசை கண்டுவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் ஞாபகத்தில் இருக்கிறது, இருந்தும் என் தலை பாதி ஆடிவிட்டது.

நிறுத்தியது என்னுடைய நல்ல குணம் என்று நினைக்காதீர்கள். ஒரு பயம்தான் நிறுத்தியது. பழைய சொந்தக்காரன் கழற்றியிருந்தால், சேர்விஸுக்கு முதல் நாலு தரம் அந்த ஏற்றம் ஏறியபோதே கொதித்திருக்க வேண்டும். அவள் கணக்குப் பார்த்து வேலை செய்த பெண். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள், அந்த மலையில் கியர் மாற்றும்போது, அது அவள் மனதில் தட்டும். அன்றைக்கு அவள் என்னை எப்படி நினைப்பாள் என்று யோசித்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லை தங்கச்சி," என்றேன். மிஸ் எப்போது தங்கச்சி ஆனாள் என்று எனக்குத் தெரியாது. "நான்தான் கழட்டினேன். முதல் சேர்விஸில. நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான் காதுல வாங்கல."

சுனிலுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அவர் மெல்ல லொறிப் பக்கம் திரும்பி, இல்லாத தூசியைத் தட்டத் தொடங்கினார்.

தர்சினி பொனட்டுக்குள்ளே புதுசாக மினுங்கிக்கொண்டிருந்த ரேடியேட்டரைப் பார்த்தாள். "அப்ப இந்த ரேடியேட்டர்?"

"பழையதும் நல்லதுதான்."

"பம்ப்?"

"அதுவும் நல்லது. நான் வீணா மாத்தினதுக்கெல்லாம் நானே பொறுப்பு. அதை விடுங்க. வியாழக்கிழமை நீங்க மேல போவீங்க."

"கராஜுக்குப் போவம்," என்றாள். அவ்வளவுதான்.

கராஜில் சுவர்த் தட்டின் மேல் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. கழற்றுகிற தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் அதற்குள்தான் போடுவேன். அது எனக்கு ஒரு பெருமை, வேட்டைக்காரன் மான் கொம்பு மாட்டி வைக்கிற மாதிரி. இரண்டு கதவு உள்ளதைத் தேடியெடுத்து அவளுக்குக் காட்டத்தான் தகரத்தை மேசையில் கவிழ்த்தேன். மேசை முழுக்கப் பரவியது. அவளுடையது மேலேயே கிடந்தது. தேநீர் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதைப் போட்டேன். எங்கள் கண் முன்னாலேயே ஒரு கதவு திறந்தது, மற்றது கீழே இறங்கியது.

அவள் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த மற்றவற்றைப் பார்த்தாள். அதில் இரண்டு கதவு உள்ளவற்றை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். ஏழு இருந்தது.

"அண்ணை, இந்த ஏழு பேரும் இப்ப எங்க நிக்கினம்?"

என்னைத் திட்டியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் சேர்விஸுக்கு வருவதையே விட்டிருந்தார்கள். வேறு கராஜுக்குப் போய்விட்டார்கள், நன்றி கெட்டவர்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடையில் புதுசு வாங்கிப் போட்டேன். கேத்தலில் வேலை செய்கிறது என்று தகரத்தில் கிடந்ததை நம்பி மலைக்கு அனுப்பக் கூடாது, அதையும் ஞாபகம் வைத்திருங்கள். பின்னேரம் சுனில் திரும்பவும் லொறியைக் கொண்டு வந்தார். நாற்பது நிமிடம் இழுத்தோம். முள் பாதியில் நின்றது. காவற்காரர் ஒன்றும் நடக்கவில்லையே என்று சலித்துக்கொண்டு கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"சரி, இனி போகலாம்," என்று சாவியை நீட்டினேன்.

தர்சினி வாங்கவில்லை. "நீங்களும் வாறியள்," என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

வியாழக்கிழமை விடிய ஒரு மணிக்கே புறப்பட்டோம்; முன் ஆசனத்தில் மடியில் கண்ணாடிப் பெட்டியோடு நான். பின்னால் டாக்டரும் தாதிமாரும். தேயிலைக்குள் ஏறுகிற அந்தப் பாதை தொடங்கியதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மூன்று தரம் வழியில் நின்ற அனுபவத்தில் காலில் நல்ல சப்பாத்து வேறு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். இடப்பக்கம் பள்ளம் இருந்ததாம், அருவி கூட இருந்ததாம். நான் எதையும் பார்க்கவில்லை. முள்ளை மட்டும் பார்த்தேன். தர்சினி முள்ளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள். முதலில் நின்ற வளைவு போனது. பிறகு நின்ற வளைவும் போனது. அதைத் தாண்டியதும் பின்னால் இருந்து யாரோ மீன் வைத்த மாலு பாண் ஒன்றை என் தோளுக்கு மேலால் நீட்டினார்கள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை மணி கூட ஆகவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் சனம் மர வாங்கில் வரிசையாக இருந்தது. ஜீப் தன் சொந்தச் சக்தியில் வருவதைப் பார்த்து ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, வரிசை முழுவதும் சிரித்தது. டாக்டர் பெட்டிகளோடு இறங்கிப் போனார். நான் இறங்கி நேரே பொனட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு, ரேடியேட்டரின் கீழ்க் குழாயைப் பிடித்தேன்.

சுரீரென்று சுட்டது. கையை உதறிக்கொண்டு நின்றேன். கண் கலங்கிவிட்டது, சூட்டினால் மட்டும் என்று சொன்னால் நம்புவீர்களா?

தர்சினி பிளேன்டீ இரண்டு வாங்கிக்கொண்டு வந்தாள். என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"சுட்டதோ அண்ணை?"

"நல்லாச் சுட்டது."

"அப்ப சரி," என்று சொல்லித் தேநீரைக் கொடுத்தாள். பிறகு மற்றக் கையால் தன் ஃபோனை என்னிடம் நீட்டினாள். "இஞ்ச சிக்னல் இருக்குது. அந்த ஏழு பேரில முதல் ஆளுக்கு எடுங்கோ."